கேக் சுடுவோர் கூடினால்

வட்டவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் இருப்புப்பாதையில் றொசல்ல என்னும் சிறிய நிலையம் ஒன்று உண்டு. 1884ஆம் ஆண்டில் ஹட்டனை எட்டிய அப்பாதை மலைநாட்டுத் தேயிலையைக் கொழும்புக்கு இறக்கியது. அரிசியையும் மாவையும் சீனியையும் மலைக்கு ஏற்றியது. அவற்றோடு கேக் செய்யும் குறிப்புகளும் மலையேறின. ஆனால் அக்குறிப்புகளுட் பெரும்பாலானவை சமவெளியில் இருந்தோர் தம் அடுப்புக்கு ஏற்ப எழுதியவை. றொசல்லயோ கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேல் உயர்ந்த இடம். இவ்வேற்றுமை அற்பமானதன்று.

தீபாவளிக்கோ நத்தாருக்கோ முதல்நாள் இரவு ஒருத்தி கேக் சுடுகிறாள். மா, சீனி, பட்டர், முட்டை எல்லாவற்றையும் குறிப்பில் உள்ளபடியே அளந்து எடுக்கிறாள். போறணைக்குள் கேக் அழகாகப் பொங்கி எழுகிறது. சற்று நேரம் கழித்துப் பார்த்தால் நடுப்பகுதி குழிந்து அமிழ்ந்து கிடக்கிறது. “உனக்குக் கைப்பக்குவம் போதாது” என்கிறார் வீட்டுப் பெரியவர். அவளும் அதை நம்பிவிடுகிறாள். கொழுந்து பறித்துச் சேர்த்த காசில் வாங்கிய முட்டையும் பட்டரும் வீணாயினவே என்ற கவலை ஒருபுறம். தன் கையிலேயே குறை என்ற எண்ணம் மறுபுறம். இரண்டாவது கவலைக்கு இடமே இல்லை. குறை கையில் இல்லை, காற்றில் இருக்கிறது.

உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. 1,200 மீற்றர் உயரத்தில் அது கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. பேக்கிங் பவுடர் ஈரமும் சூடும் பட்டதும் கரியமிலவாயுவை வெளிவிடுகிறது. அமுக்கும் காற்று இலேசானது. ஆகவே வாயுக்குமிழிகள் அளவுக்கு மீறி விரிகின்றன. மாவும் முட்டையும் வெந்து இறுகுவதற்கு முன்பே அவை பெருத்து உடைகின்றன. தூண் நடுமுன் வேய்ந்த கூரைபோல் கேக் இறங்கிவிடுகிறது. அன்றியும், கடற்கரையில் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் நீர், 1,200 மீற்றர் உயரத்தில் 96 பாகையளவிலும் நுவரெலியாவில் 94 பாகையளவிலும் கொதிக்கிறது. ஈரம் விரைந்து ஆவியாகிறது; சீனியின் செறிவு கூடுகிறது; கேக் இறுகுவது மேலும் தாமதமாகிறது.

காரணம் தெரிந்தால் பரிகாரம் எளிது. ஒவ்வொரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரிலும் எட்டில் ஒரு பங்கைக் குறைக்கலாம். ஒரு கோப்பை சீனிக்கு ஒரு மேசைக்கரண்டி குறைத்து, பாலையோ நீரையோ ஒன்றிரண்டு மேசைக்கரண்டி கூட்டலாம். போறணையின் சூட்டைச் சுமார் 10 பாகை உயர்த்தினால், குமிழிகள் உடையுமுன் கேக் இறுகிவிடும்.

எனினும் இவை தொடக்க அளவுகளே. வட்டவளைப் பகுதி இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மாவே ஈரத்தை உறிஞ்சிவிடும். பாணுக்குப் பிசைந்த மா குளிரில் புளித்துப் பொங்க நெடுநேரம் பிடிக்கும். அடுப்பங்கரையின் இளஞ்சூட்டில் வைத்தாலன்றி எழாது. ஒரு வீட்டில் மின் போறணை. இன்னொரு வீட்டில் பெரிய சட்டியின் அடியிலும் மூடியின் மேலும் தணல். 2022ஆம் ஆண்டில் சமையல் எரிவாயுவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, விறகடுப்பை மறந்திருந்தவர்களும் அதனிடமே திரும்ப நேர்ந்தது. இத்தனை வேற்றுமைகளையும் எந்தப் புத்தகம் எழுதி முடிக்கும்? அதே உயரத்தில், அதே மழையில், அதே அடுப்பில் சுட்டுப் பழகிய அயல்வீட்டுப் பெண்தான் அதற்கு விடை சொல்ல வல்லவள். ஆகவேதான் கேக் சுடுவோர் ஒன்றுகூட வேண்டியிருக்கிறது.

இல்லத்துக் கலைகளைக் கூடிக் கற்கும் வழக்கத்துக்கு நல்ல முன்னோடி உண்டு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அடிலெயிட் ஹூட்லெஸ் என்னும் மாது, கெட்ட பாலினால் தம் குழந்தையை 1889ஆம் ஆண்டில் இழந்தார். அத்துயரே, வீட்டு நிர்வாகமும் கற்பிக்கத்தக்க கல்வி என்று அவரைப் பேசவைத்தது. 1897இல் ஸ்ரோனி கிறீக்கில் முதல் மாதர் சங்கம் தோன்றியது. அதே கனடாவிற் பிறந்து, தமிழர் ஒருவரை மணந்து இலங்கையில் வாழ்ந்த டாக்டர் மேரி இரத்தினம், அம்மாதிரியைப் பின்பற்றி 1930இல் இலங்கை மகிளா சமிதியை நிறுவினார். 1958இல் மக்சேசே விருதும் பெற்றார். கிராமப் பெண்கள் கூடிப் பேசிக் கற்பதே சமிதியின் உயிர்நாடி.

மலைநாட்டில் அத்தகைய கூட்டத்துக்குப் பெரிய மண்டபம் வேண்டியதில்லை. கொழுந்தெடுப்பு இல்லாத ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலே தக்க நேரம். ஆறேழு பேர் போதும். அதற்குமேல் லயத்து அறை தாங்காது. அழைப்பவர் ஒரே குறிப்பை எல்லாருக்கும் முன்கூட்டிக் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் அதன்படி சுட்டு, ஒரு துண்டு கொண்டுவரட்டும். நன்றாக வந்தது மட்டுமன்று, அமிழ்ந்ததும் கருகியதும் வரவேண்டும். அமிழ்ந்த கேக்கை ஒளித்துவைத்தால் கூட்டம் வெறும் விருந்தாகிவிடும். எவ்வளவு மா, எந்த அடுப்பு, எத்தனை நிமிடம், அன்று மழையா வெயிலா என்பவற்றை எழுத்தறிந்த ஒருவர் கொப்பியில் குறித்துவரலாம். விருந்தளிக்கும் பாரமும் ஒருவர் தலையில் விழலாகாது. சாயத் தேநீரே போதும். மாவும் முட்டையும் பங்கிட்டு வாங்கினால் செலவும் குறையும்.

இவ்வாறு நான்கைந்து முறை கூடினால், அந்தக் கொப்பி அவ்வூருக்கே உரிய சமையல் நூலாகிவிடும். பிறந்தநாள் கேக் செய்து சிறு வருமானம் தேட எண்ணும் பெண்ணுக்கு அது முதலீட்டுக்கு ஒப்பானது. பழுதாகும் ஒவ்வொரு கேக்கும் அவளுக்கு நட்டமல்லவா?

ஆயினும் முதற் கூட்டத்திலேயே கிட்டும் பயன் வேறொன்று. ஆறு பேர் கொண்டுவந்த ஆறு துண்டுகளும் நடுவிலே குழிந்திருக்கக் காணும்போது, தன் கைப்பக்குவத்தை நொந்துகொண்டிருந்தவள் முகம் மலர்வாள். குளிர்ந்த மலைமேல் அந்த ஆறுதல், சுடச்சுடக் கிடைக்கும் கேக்கினும் இனியது.