மீள எழும் அணி: வலியும் காலமும் இடமும்

தோற்றுத் தளர்ந்த ஓர் அணி பழைய வீரரை விடுத்துப் புதியவரைச் சேர்த்துத் தன்னை மீளக் கட்டிக்கொள்ள முற்படுமாயின், அது வெற்றிக் கிண்ணத்துக்கு மீண்டும் உரிமை கோரத்தக்க நிலையை எப்பொழுது எய்தும்? விளையாட்டை வெறும் பொழுதுபோக்கெனக் கருதுவார்க்கு இவ்வினா சிறிதாகத் தோன்றலாம். ஆயின், கல்லூரி அணியாயினும் நாட்டின் அணியாயினும், அதனை வளர்ப்போர் எத்துணைக் காலம் பொறுத்திருத்தல் வேண்டும், எவ்வடையாளங் கண்டு நம்பிக்கை கொள்ளல் வேண்டும் என்பவற்றை அறியாவிடின், முதிரும் முன்னரே இளையோரைப் பழித்து ஒதுக்கும் கேடு விளையும். இலங்கைக் கிரிக்கெட் அணியின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தரவல்லது.

பகைமேற் செல்லும் அரசன் ஆராய வேண்டியவற்றைக் கூறுமிடத்துத் திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். போர்க்களத்துக்கு வகுத்த அம்மூன்றும் ஆடுகளத்துக்கும் பொருந்துவனவே. ஓர் அணியின் வலி எத்தகையது? அதன் வீரர் ஒருங்கே முதிருங் காலம் யாது? அவர்கள் தம் மண்ணில் மட்டுமன்றிப் பிறர் மண்ணிலும் வெல்லவல்லரோ? இம்மூன்று வினாக்களுக்கும் ஒருசேர நல்விடை கிடைக்கும்பொழுதே மீட்சி மெய்யாகும். ஒன்று மட்டும் நிறைந்து மற்றவை குறையின் கிடைப்பது வெற்றியின் தோற்றமேயன்றி வெற்றியன்று.

மீளக் கட்டுதல் என்பது யாது என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். நோட்டன் பிரிட்ஜ் முதலாய மலைநாட்டுப் பகுதிகளில் தேயிலையோடு வாழ்வார் இருவகைத் தொழில்களை நன்கறிவர். ஒன்று கவ்வாத்து, மற்றொன்று மீள்நடுகை. கவ்வாத்தில் கிளைகள் வெட்டப்படினும் வேர் நிலைத்திருத்தலால், சில மாதங்களில் புதுத் தளிர் அரும்பிக் கொழுந்தெடுக்கலாகும். மீள்நடுகையோ அத்தகையதன்று. முதுசெடிகளை வேரோடு பறித்து, மண் வளம் மீளுமாறு குவாத்தமாலாப் புல்லை ஏறக்குறைய ஈராண்டு வளர்த்து, பின்னர்த் தவறணையில் வளர்ந்த கன்றுகளை நட்டு, அவை பயன்தரும் வரையில் மேலும் சில ஆண்டுகள் வருவாயின்றிக் காத்திருத்தல் வேண்டும். அணிகளும் இவ்வாறே. வேர் நலமாயின் மூத்தோர் இருவர் விலகுதல் கவ்வாத்தேயாம். அவருக்குப்பின் நிற்பார் இல்லையெனின் அது மீள்நடுகையாகும். மீள்நடுகை செய்துவிட்டுக் கவ்வாத்தின் காலக்கணக்கில் பயன் எதிர்பார்ப்போர் ஏமாற்றமடைவர்.

இதன்கண் அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டத்தையும் ஒப்புநோக்கலாம். அங்கு 30 அணிகள் ஆண்டுதோறும் 162 ஆட்டங்கள் ஆடுகின்றன. அவற்றுள் முன்னிற்பவையே இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறும். 2012ஆம் ஆண்டில் 101 ஆட்டங்களில் தோற்ற சிக்காகோ கப்ஸ் அணி, 2015இல் இறுதிச் சுற்றுகளுட் புகுந்து, 2016இல் முடிசூடியது. 1908க்குப் பின்னர் அவ்வணி பெற்ற முதல் முடி அதுவேயாம். நான்காண்டில் இது கைகூடியதற்கு ஆட்ட விதியும் துணைநின்றது. புது வீரரைத் தெரிந்தெடுக்கும் முறையில் பின்தங்கிய அணிகளுக்கே முன்னுரிமை அளிக்கப்படுகின்றது. வேற்றணி வீரரை மாற்றிப் பெறவும் இயலும். நாட்டு அணிகளுக்கோ இத்தகைய கைம்மாறு யாதுமில்லை. எத்துணைப் போட்டிகளில் தோற்றாலும், இலங்கை பிறநாட்டு இளைஞன் ஒருவனைப் பெறுதல் இயலாது. அதன் தவறணை அதன் பாடசாலைகளே.

இனி வரலாற்றை நோக்குவாம். 1975ஆம் ஆண்டு முதல் உலகக் கிண்ணத்தில் இலங்கை ஆடிய மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. 1981இல் டெஸ்ட் ஆடும் தகுதியைப் பெற்று, 1982 பெப்ரவரியில் கொழும்பில் இங்கிலாந்துக்கு எதிராகத் தன் முதல் டெஸ்ட் போட்டியை ஆடித் தோற்றது. 1985இல் துலீப் மெண்டிஸ் தலைமையில் இந்தியாவை வென்று முதல் டெஸ்ட் வெற்றியை ஈட்டியது. ஆயின், 1987 உலகக் கிண்ணத்தில் ஆறு ஆட்டங்களிலும் தோல்வியே கண்டது. நாட்டின் கொந்தளிப்பால் 1987 ஏப்பிரலுக்குப் பின்னர் 1992 ஓகஸ்ட் வரையில் சொந்த மண்ணில் டெஸ்ட் போட்டி ஒன்றேனும் நடைபெறவில்லை. இத்தகைய அணி 1996 மார்ச் 17ஆம் நாள் லாகூரில் அவுஸ்திரேலியாவை ஏழு விக்கெட்டுகளால் வென்று உலகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது.

அவ்வெற்றியின் வலி எங்கிருந்தது? சனத் ஜயசூரிய, ரொமேஷ் களுவிதாரண ஆகிய தொடக்க ஆட்டக்காரரின் அதிரடியையே பலரும் எடுத்துரைப்பர். ஆயின், கல்கத்தாவில் நடந்த அரையிறுதியில் அவ்விருவரும் முதல் ஓவரிலேயே ஆட்டமிழந்தனர். இறுதியாட்டத்திலும் 23 ஓட்டங்களுக்குள் இருவரும் வீழ்ந்தனர். அரையிறுதியில் அரவிந்த டி சில்வாவும் ரொஷான் மகாநாமவும் அரைச்சதம் கடந்து அணியைத் தாங்கினர். இறுதியாட்டத்தில் அசங்க குருசிங்க 65 ஓட்டங்களும், அரவிந்த ஆட்டமிழக்காது 107 ஓட்டங்களும் பெற, அர்ஜுன ரணதுங்க உடன்நின்று முடித்துவைத்தார். முன்னிற்பார் வீழ்ந்தவிடத்துப் பின்னிற்பார் நிமிர்தலே அணியின் வலி. ஒருவரின் தோளில் மட்டும் நிற்கும் அணி அவர் சோர்ந்த அன்றே சோரும்.

காலத்தை நோக்கின், அவ்வெற்றி ஒருநாளில் விளைந்ததன்று என்பது புலனாகும். முதல் டெஸ்ட் போட்டியில் ரணதுங்க பதினெட்டு வயதுப் பாடசாலை மாணவர். அரவிந்த 1984இலும், ஜயசூரிய 1989இலும், முத்தையா முரளிதரன் 1992இலும், சமிந்த வாஸ் 1994இலும் நாட்டுக்காக ஆடத் தொடங்கினர். 1996 மார்ச்சில் ரணதுங்கவுக்கு வயது 32, அரவிந்தவுக்கு 30, குருசிங்கவுக்கும் மகாநாமவுக்கும் 29, ஹஷான் திலகரத்னவுக்கு 28, ஜயசூரியவுக்கும் களுவிதாரணவுக்கும் 26, முரளிதரனுக்கு 23, வாஸுக்கு 22. முதிர்ந்தோர் தளராமுன் இளையோர் தேறிவிட்டனர். இவ்விரு தலைமுறையும் ஒரே களத்திற் சந்தித்த காலமே கிண்ணம் வந்த காலம். 1988இல் தலைமையேற்ற ரணதுங்க, இடையில் ஒரு சிறு காலந்தவிர, கிண்ணம் வெல்லும் வரையில் அணித்தலைவராக விளங்கியமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. எட்டாண்டுகள் ஒரே கை ஏர்பிடித்தது.

இடத்தால் வந்த சான்று அதற்கு ஓராண்டு முன்னரே கிடைத்துவிட்டது. 1995 மார்ச்சில் நியூசிலாந்தின் நேப்பியரில், வாஸ் பத்து விக்கெட்டுகள் வீழ்த்த, இலங்கை பிறநாட்டு மண்ணில் தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. அதே ஆண்டு செப்டெம்பரில் பாகிஸ்தானை அதன் மண்ணிலேயே 2-1 எனத் தொடரில் வென்றது. உலகக் கிண்ணம் பலருக்கு வியப்பாயிற்று. இவ்விரு தொடர்களையும் கூர்ந்து நோக்கியிருப்பின் அவ்வியப்பு குறைந்திருக்கும்.

இவ்வளவுகோலைப் பிற்காலத்தின்மீதும் வைத்துப் பார்க்கலாம். மகேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் 2014, 2015ஆம் ஆண்டுகளில் ஓய்வுபெற்றனர். அது கவ்வாத்தென்றே எண்ணப்பட்டது, உண்மையில் மீள்நடுகையாயிற்று. 2017இல் சிம்பாப்வே அணி இலங்கை மண்ணிலேயே ஒருநாள் தொடரை 3-2 என வென்றது. அவ்வோராண்டில் மாத்திரம் மெத்யூஸ், தரங்க, கப்புகெதர, மாலிங்க, திசர பெரேரா என ஐவர் ஒருநாள் அணியை மாறிமாறி வழிநடத்தினர். கன்று வேர்விட்டதா என அறிய நாள்தோறும் பிடுங்கிப் பார்ப்பவன் செயலோடு இதனை ஒப்பிடலாம்.

இடையிடையே ஒளிக்கீற்றுகள் தோன்றாமலில்லை. 2019இல் தென்னாபிரிக்காவில் டெஸ்ட் தொடரை வென்ற முதல் ஆசிய அணி என்னும் பெருமையை இலங்கை பெற்றது. 2022இல் பொருளாதார நெருக்கடியால் மக்கள் வாடிய வேளையில், ஆசியக் கிண்ணத்தின் முதலாட்டத்தில் ஆப்கானிஸ்தானிடம் தோற்ற அணி, பின்னர்த் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் வென்று கிண்ணத்தை ஏந்தியது. ஆயின், அடுத்த மாதமே இருபது ஓவர் உலகக் கிண்ணத்தில் நமீபியாவிடம் 55 ஓட்டங்களால் தோற்றது. 2023 உலகக் கிண்ணத்துக்குத் தகுதிகாண் சுற்றின் வழியாகவே சென்று, ஒன்பது ஆட்டங்களில் இரண்டில் மட்டும் வென்றது. வீரர் சிலரின் வலி இருந்தது. அணி முழுதும் முதிருங் காலம் வரவில்லை என்பதே இதன் பொருள்.

2024 ஜூலையில் ஜயசூரிய பயிற்றுநர் பொறுப்பை ஏற்றபின் மாற்றம் தென்பட்டது. ஓகஸ்டில் ஒருநாள் தொடரில் இந்தியாவை 2-0 என வென்றது. இந்தியாவுடனான இருதரப்பு ஒருநாள் தொடரில் 1997க்குப் பின்னர் கிடைத்த முதல் வெற்றி அதுவாகும். செப்டெம்பரில் லண்டன் ஓவல் மைதானத்தில் பதும் நிசங்க ஆட்டமிழக்காது 127 ஓட்டங்கள் பெற, இங்கிலாந்து எட்டு விக்கெட்டுகளால் வீழ்ந்தது. காலியில் நியூசிலாந்து 2-0 எனத் தோற்றது. ஆங்கு கமிந்து மெண்டிஸ் தம் 13ஆவது இன்னிங்ஸில் ஆயிரம் டெஸ்ட் ஓட்டங்களை எட்டினார். இருவருட் காலத்தில் முதலிரண்டு இடங்களைப் பெறும் அணிகளே மோதும் உலக டெஸ்ட் வாகைப் போட்டியின் இறுதியாட்டம் இலங்கைக்கும் எட்டுந் தொலைவில் வந்தது. அவ்வேளையில் டர்பனில் 42 ஓட்டங்களுக்கு முழு அணியும் சுருண்டது. தென்னாபிரிக்கத் தொடரை 2-0 என இழந்தமையால் அவ்வாய்ப்பு நழுவியது. வலி வளர்ந்திருந்தது, காலமும் நெருங்கியிருந்தது, இடமே தடுத்தது.

இனி விடை கூறலாம். அடுத்த ஒருநாள் உலகக் கிண்ணம் 2027 ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் தென்னாபிரிக்கா, சிம்பாப்வே, நமீபியா ஆகிய நாடுகளில் நடைபெறுமென வகுக்கப்பட்டுள்ளது. அப்பொழுது குசல் மெண்டிஸுக்கு வயது 32. சரித் அசலங்கவுக்கு 30. நிசங்கவுக்கும் கமிந்துவுக்கும் 29. மகேஷ் தீக்ஷனவுக்கு 27. துனித் வெல்லாலகேக்கும் மதீஷ பத்திரனவுக்கும் 24. இவ்வடுக்கினை 1996இன் அடுக்கோடு பக்கத்தில் வைத்து நோக்குவார்க்கு ஒற்றுமை தானே விளங்கும். இவர்கள் நலமாக நீடிப்பராயின் காலம் கனியும். ஆயின், களமோ டர்பன் அமைந்த அதே நாடு. எழும்பிச் செல்லும் வேகப்பந்தை அயல்மண்ணில் தாங்கவல்லவர் என்பதை அதற்குமுன் ஒரு தொடரிலாயினும் மெய்ப்பித்தாலன்றி, கிண்ணத்துக்கு உரியோர் என அவரைக் கூறுதல் ஒண்ணாது.

இதனினும் ஆழமான வினா ஒன்று எஞ்சுகின்றது. தவறணை குறுகியதாயின் நடுகை எவ்வாறு செழிக்கும்? நீண்டகாலம் தலைநகரின் பெரும் பாடசாலைகள் சிலவே நாட்டு அணிக்கு வீரரை வழங்கிவந்தன. மாத்தறையிலிருந்து ஜயசூரியவும், கண்டிப் பகுதியிலிருந்து முரளிதரனும் வந்து சேர்ந்தபொழுதே அவ்வணி முழுமையுற்றது. 800 டெஸ்ட் விக்கெட்டுகள் வீழ்த்திய முரளிதரனின் பாட்டனார், தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத் தொழிலுக்கென வந்தவர். 1904 முதல் வடக்கின் பெரும்போர் கண்ட யாழ்ப்பாணத்திலிருந்து வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கிலும், 2024இல் இந்திய பிரீமியர் லீக்கிலும் ஆடினார். எனினும் மலைச்சரிவுகளில் சமநிலமே அரிது. கடினபந்தும் கையுறையும் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலிக்கு எட்டுவனவல்ல. லயத்து வாசலில் மென்பந்தை வீசும் சிறுவனின் மணிக்கட்டில் எத்தகைய ஆற்றல் உள்ளதென்பதை, ஒரு மைதானமும் ஓர் ஆசிரியரும் அமைந்தாலன்றி எவரும் அறியார்.

ஆகவே, மீளக் கட்டப்படும் அணி கிண்ணத்துக்கு உரியதாகுங் காலத்தை ஆண்டுக் கணக்கால் மட்டும் அளத்தல் போதாது. ஒருவர் வீழின் மற்றொருவர் நிற்கும் வலி, மூத்தோரும் இளையோரும் ஒருங்கே முதிருங் காலம், பிறர் மண்ணிலும் தளராத இடவறிவு ஆகிய மூன்றும் கூடிய அன்றே அக்காலம். அம்மூன்றுக்கும் வித்து பாடசாலை மைதானத்திலேயே இடப்படுகின்றது. கல்லூரி அணிகளைப் பயிற்றுவிக்கும் ஆசிரியரும், பழைய மாணவரும், இப்பருவத்துத் தோல்விப் பட்டியலை மட்டும் நோக்காது, பதினான்கு வயதினர் எத்தனைபேர் மாலையில் களத்துக்கு வருகின்றனர் என எண்ணிப் பார்ப்பாராக. அடுத்த பத்தாண்டின் வெற்றி அவ்வெண்ணிக்கையுள் அடங்கியிருக்கின்றது.