புடிச்ச நோன்பு எங்கே, உம்மா?

ஸஹர் நேரம். வீட்டில் எல்லோரும் எழும்பிச் சாப்பிட்டு, நிய்யத்தும் வைத்தாயிற்று. சத்தம் கேட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள் என் மூன்று வயது மகள். "நாங்க எல்லாரும் நோன்பு புடிச்சிருக்கம், மகள். நீங்க போய்ப் படுங்க" என்றேன்.

விடிந்த பிறகு பார்த்தால் அவள் கட்டிலுக்குக் கீழே குனிந்து தேடுகிறாள். கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறாள். "என்ன மகள் தேடுறீங்க?" என்று கேட்டேன்.

"புடிச்ச நோன்பு எங்க உம்மா? பறந்துட்டா?"

அன்று மாலை கஞ்சிக் கோப்பைகளையும் பேரீத்தம்பழத்தையும் வைத்துக்கொண்டு பாங்குக்காகக் காத்திருந்தோம். "இப்ப நோன்பு திறப்பம்" என்று அவளுடைய வாப்பா சொன்னதுதான் தாமதம், அலுமாரிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்து அவர் கையில் கொடுத்தாள்! நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் மட்டும் சிரிக்கவில்லை. உதடு பிதுங்கியது. என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

சகோதரிகளே! அந்த அழுகைதான் என்னைச் சிந்திக்க வைத்தது. பிடிப்பதென்றால் கோழியைப் பிடிப்பது, பூனையைப் பிடிப்பது. திறப்பதென்றால் பூட்டைத் திறப்பது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான். அதை வைத்து அவள் சரியாகத்தான் யோசித்திருக்கிறாள். உதவி செய்ய ஓடி வந்த பிள்ளையைப் பார்த்து நாம் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி எத்தனையோ நடந்திருக்கும். துஆ ஓதி முடிந்ததும் பெரியவர்கள் "ஆமீன்" என்கிறார்கள். "எனக்கு மீன் வாணாம், முட்டைதான் வேணும்" என்கிறது பிள்ளை. இரவு பஸ்ஸில் யன்னலோரம் இருந்து வானத்தைப் பார்த்துவிட்டு, "வாப்பா, பிறையும் எங்களோடயே வருது. அதுக்கும் டிக்கட் எடுத்தீங்களா?" என்று கேட்கிறது இன்னொன்று. வாப்பா வெளிநாட்டில் உழைக்கும் வீடுகளில் கைத்தொலைபேசியில் தெரியும் முகத்துக்கு பிஸ்கட் ஊட்டப் பார்க்கும் பிள்ளைகளும் உண்டு. "உம்மா, வாப்பாவ வெளிய எடுங்க" என்று பிள்ளை கேட்கும்போது சிரிப்பதா அழுவதா என்று அந்தத் தாய்க்குத் தெரிவதில்லை.

அறிஞர்களும் கேட்டிருந்தார்கள்

குழந்தைப் பேச்சை வெறும் வேடிக்கையென எண்ணிவிடாதீர்கள். பெரிய அறிஞர்களும் அதைக் காது கொடுத்துக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் இயற்கை ஆய்வாளர் சார்ள்ஸ் டார்வின் தன் மகனின் குழந்தைப் பருவம் பற்றி எடுத்த குறிப்புகளை 1877ஆம் ஆண்டு வெளியிட்டார். அந்தப் பிள்ளை ஒரு வயதில் உணவுக்குத் தானாகவே ஒரு பெயர் வைத்ததாம். அது 'மம்' என்பது! நம் வீட்டுக் குழந்தைகளின் 'மம்மம்' உங்களுக்கு நினைவுக்கு வரவில்லையா? பின்னர் அதே சொல்லோடு வேறு ஒலிகளைச் சேர்த்துச் சீனிக்கு ஒரு பெயரும், கறுப்பு நிறமான ஓர் இனிப்புக்கு இன்னொரு பெயரும் வைத்ததாம்.

ருஷ்ய எழுத்தாளர் கோர்னே சுகோவ்ஸ்கி சின்னஞ்சிறுவர்களின் பேச்சுகளைத் திரட்டி ஒரு நூலே எழுதினார். 'இரண்டு முதல் ஐந்து வரை' என்பது அதன் பெயர். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜீன் பியாஜே (1896-1980) குழந்தைகளின் சிந்தனையை ஆராய்வதில் தன் வாழ்நாளைக் கழித்தவர். நாம் நடக்கும்போது சந்திரனும் நம்மைப் பின்தொடர்ந்து வருகிறது என்று சிறு பிள்ளைகள் நம்புவதை அவரும் பதிவு செய்திருக்கிறார். பஸ்ஸில் பிறைக்கு டிக்கட் கேட்ட பிள்ளை தனியாள் அல்ல, பார்த்தீர்களா?

இவர்களுக்கெல்லாம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நமக்கு அழகிய முன்மாதிரி ஒன்று இருக்கிறது. அனஸ் (ரழி) அவர்களுக்கு அபூ உமைர் என்ற சிறிய தம்பி ஒருவர் இருந்தார். அவர் ஒரு சின்னக் குருவியோடு விளையாடுவார். குருவி இறந்துபோய் அவர் கவலையோடு இருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவரிடம் அந்தக் குருவியைப் பற்றியே விசாரித்தார்கள். அதுவும் பிள்ளையின் பெயரோடு எதுகை சேர, அன்போடு கேட்டார்கள். எத்தனை பொறுப்புகள் சுமந்த மாமனிதர்! ஒரு குழந்தையின் குருவி அவர்களுக்குச் சிறிய விஷயமாகத் தெரியவில்லை. நமக்கோ அடுப்பில் கறி, கையில் தொலைபேசி. "போங்க மகன், பிறகு பேசுவம்" என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் 'பிறகு' பல வீடுகளில் வருவதேயில்லை.

நம் பேச்சுத்தான் திரும்பி வருகிறது

ஒரு சகோதரி கண்கலங்க என்னிடம் சொன்ன சம்பவம் இது. சீட்டுக் காசு கேட்டு அயல்வீட்டு மாமி வந்திருக்கிறார். அந்த மாதம் கையில் காசில்லை. குசினிக்குள் ஒதுங்கிக்கொண்டு, "உம்மா இல்ல எண்டு சொல்லுங்க" என்று மகனை அனுப்பியிருக்கிறார். மூன்றரை வயதுப் பிள்ளை வாசலுக்குப் போய், "உம்மா இல்லையாம். குசினிக்குள்ள இருந்து உம்மாதான் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டது.

மாமி சிரித்துக்கொண்டே போய்விட்டார். உள்ளே வந்த பிள்ளைக்குக் கிடைத்தது அறை. "ரெண்டு நாள் அவன் வாயே திறக்கல்ல ராத்தா. பிறகு பேசினான். ஆனா ஒவ்வொரு சொல்லுக்கும் முந்தி என்ட முகத்தப் பார்க்கிறான்" என்றார் அந்தத் தாய்.

அந்தப் பிள்ளை என்ன குற்றம் செய்தது? சொல்லச் சொன்னதையும் சொன்னது, உண்மையையும் சொன்னது. வாங்கிய அறையில் இருந்து அது கற்றுக்கொண்டது என்ன என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள்.

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரழி) அவர்கள் சிறுவராக இருந்தபோது அவருடைய தாயார், தருவதாகச் சொல்லி அவரை அழைத்தார்கள். அங்கிருந்த நபி (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க நினைத்தீர்கள் என்று கேட்டார்கள். பேரீத்தம்பழம் என்றார் தாயார். எதுவும் கொடுக்காது விட்டிருந்தால் அது ஒரு பொய்யாக உங்கள் மீது எழுதப்பட்டிருக்கும் என நபியவர்கள் எச்சரித்தார்கள். இது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. "வாங்க, டொபி தாறன்" என்று கையை மூடிக் காட்டும் நாம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அப்படி அழைக்கிறோம்!

நாம் செய்யக்கூடியவை

பிள்ளை தப்பாகச் சொல்லும் சொல்லைப் பழித்துக் காட்டாதீர்கள். "கக்காளி" என்றால் "ஓம் மகள், தக்காளிதான். சிவப்புத் தக்காளி" என்று சரியான சொல்லையே பதிலாகக் கொடுங்கள். அது தானாகத் திருந்திவிடும்.

விருந்தினர் முன் நிறுத்தி, "அண்டைக்குச் சொன்னத இப்ப சொல்லுங்க" என்று வற்புறுத்தாதீர்கள். தடுமாறும்போது படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பவும் வேண்டாம். நமக்குப் போலத்தான் பிள்ளைக்கும் வெட்கம் உண்டு.

நாம் வெட்கப்படும்படி உண்மையைச் சொல்லிவிட்டாலும் அடிக்காதீர்கள். அந்த இடத்தில் திருந்த வேண்டியவர் யாரென்று நமக்கே தெரியும்.

இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளையும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளையும் இருக்கலாம். "அவங்க வாப்பாவும் சுணங்கித்தான் பேசினார்" என்று காலத்தைக் கடத்தாமல் கிளினிக்கில் மருத்துவமாதிடமோ வைத்தியரிடமோ சொல்லுங்கள். காது கேட்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இன்னுமொன்று. ஒரு கொப்பியை எடுத்துத் திகதியும் வயதும் போட்டு, பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எழுதி வையுங்கள். கடல் கடந்து உழைக்கும் வாப்பாவுக்கு அதைவிடச் சிறந்த பரிசு வேறென்ன?

அன்று இரவு மகளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். "நோன்பு எண்டா கையால புடிக்கிற சாமான் இல்ல மகள். பசிச்சாலும் அல்லாஹ்வுக்காகச் சாப்பிடாம இருக்கிறது." கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"உம்மாக்குப் பசிக்கிது எண்டு அல்லாஹ்வுக்குத் தெரியுமா?"

"தெரியும் மகள்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனாள்.

இன்று அவள் முப்பது நோன்பையும் பிடிக்கும் வயதுக்கு வந்துவிட்டாள். அல்ஹம்துலில்லாஹ். அலுமாரிச் சாவிக் கதை எழுதிய பக்கத்தை எடுத்துக் காட்டினால் எங்களோடு சேர்ந்து அவளும் சிரிக்கிறாள். உங்கள் பிள்ளைகளும் நாளை உங்களோடு சேர்ந்து சிரிக்க, வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக!