நம்மை அறிந்த நாலு பேர்

வத்தளையிலிருந்து களனி ஆற்றைக் கடந்து கொழும்புக்குச் செல்லும் காலை நேர பஸ்வண்டிகளிலே, கணக்கியலோ சட்டமோ படித்துத் தேறிய தமிழ் வாலிபர் பலரை நாம் காண்கிறோம். உத்தியோகத்தில் இருக்கும் வரை அவர்களுக்குக் குறைவில்லை. சொந்தமாக ஒரு தொழிலைத் தொடங்கும் அன்றுதான் கேள்வி எழுகின்றது: முன்பின் அறியாத ஒருவரிடம் தம் கணக்குப் புத்தகத்தை ஒப்படைக்க யார் முன்வருவர்? அறிவுக்குப் பட்டம் சாட்சி சொல்லும். நாணயத்துக்குச் சாட்சி சொல்ல மனிதர் வேண்டுமன்றோ?

இச்சாட்சியை முன்னாளில் எவ்வாறு தேடினர் என்பதைக் கொழும்புச் செட்டியார் தெருவின் வரலாறு காட்டும். இன்று நகைக்கடைகள் நிறைந்துள்ள அத்தெருவிலே, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தார் வட்டிக்கடை நடத்தினர். பிரித்தானிய வங்கிகள் உள்ளூர் வியாபாரிக்கு நேரே கடன் கொடுக்கத் தயங்கின. ‘சிராப்’ எனப்பட்ட அலுவலரின் சொல்லை நம்பிச் செட்டியாருக்குக் கொடுத்தன. செட்டியார் வியாபாரிக்குக் கொடுத்தார். நகரத்தார் கோயிலில் கூடியது வழிபாட்டுக்காக மட்டுமன்று. இரங்கூனிலே மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் ஒன்றுகூடி, தமக்குள் வழங்கும் நடப்பு வட்டியை நிர்ணயித்தனர். அத்தகைய கூட்டத்தில் ஒருவர் வாக்குத் தவறினால் அது மற்றவர்க்குத் தெரியாமற் போகாது.

ஆனால் அக்கதவு குலத்தாருக்கே திறந்தது. ஒருவர் சரிந்தால் எல்லோரும் சரியும் ஆபத்தும் அதில் இருந்தது. 1925இல் கொழும்பில் ஒரு பெரிய கடை வீழ்ந்ததும், வங்கிகள் செட்டியார் அனைவருக்குமே கடனைச் சுருக்கின. குற்றமற்றவரும் இடர்ப்பட்டனர், அவர்களை நம்பியிருந்த சிறு வியாபாரிகளும் தவித்தனர். 1934இல் வங்கி ஆணைக்குழு இந்நிலையை ஆராய்ந்தது. 1939இல் இலங்கை வங்கி பிறந்தது.

உறவினர் அல்லாதோரும் இவ்வாறு கூடலாம் என்பதை 1905ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் திகதி சிக்காகோ நகரில் ஒரு வழக்கறிஞர் செய்து காட்டினார். சிற்றூரிலிருந்து வந்து பெருநகரில் தனித்திருந்த போல் ஹரிஸ், வேறு வேறு தொழில் புரிந்த மூவரைச் சேர்த்துக்கொண்டார். ஒருவர் அலுவலகம் மாறி ஒருவர் அலுவலகமாகச் சுழன்று கூடியதால் ‘றோட்டரி’ என்ற பெயர் வந்தது. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்பது அன்றைய விதி. அங்கத்தவர் ஒருவருக்கொருவர் தேடிக் கொடுத்த வியாபாரத்துக்குக் கணக்கும் வைத்தனர்! பின்னர் அது சேவைக் கழகமாக மாறியது. கொழும்பிலே 1929இல் அதன் கிளை தோன்றிற்று. பெண்களுக்கு மட்டும் 1989 வரை உலகெங்கும் அதன் விதி இடம் தரவில்லை. நம் புதல்வியர் இதை அறிந்திருத்தல் நன்று.

சேவையை விட்டு, வியாபாரத்தையே நோக்கமாகக் கொண்ட சங்கங்கள் இன்று உள்ளன. 1985இல் கலிபோர்னியாவில் ஐவன் மிஸ்னர் தொடங்கிய பீ.என்.ஐ. அவற்றுள் பெரியது, கொழும்பிலும் அது இயங்குகின்றது. வாரந்தோறும் கூட்டம், ஒரு தொழிலுக்கு ஒருவர், தம் தொழிலைப்பற்றிச் சுருக்கமாகப் பேசி, பிறருக்கு வேண்டிய வாடிக்கையாளரைச் சிபாரிசு செய்தல் வேண்டும். சந்தாவும் சிறு தொகையன்று.

இதிலே பலர் ஏமாறுவதற்குக் காரணம் அவசரம் என்று நாம் கருதுகிறோம். கலியாண வீட்டில் தாம்பூலம் வாங்குவதுபோல் பெயரட்டைகளை வாங்கி வந்து மேசை அறைக்குள் இட்டுவிட்டு, வியாபாரம் வரவில்லையே என்பர். ஒருவரைச் சிபாரிசு செய்பவர் தம் பெயரையே ஈடு வைக்கிறார். அவர் அனுப்பிய வாடிக்கையாளரின் வேலை ஒரு வாரம் பிந்தினால், வெட்கப்பட வேண்டியவர் அவரே. நம் வேலையைக் கண்ணாற் காணாத ஒருவர் அந்த ஈட்டை ஏன் வைப்பார்?

சந்தா கட்ட இயலாத மாணவர் என்ன செய்வது? பதினெட்டு வயதானோர்க்கு 1968இல் தொடங்கிய றோட்டராக்ட் கழகங்கள் நம் பல்கலைக்கழகங்களில் உள்ளன. ஊரிலேயே வாசிகசாலைச் சங்கமும் கோயிற் பரிபாலன சபையும் இருக்கின்றன. அங்கே கூட்டக் குறிப்பை ஒழுங்காக எழுதி, திரட்டிய பணத்துக்குச் சதம் பிசகாமற் கணக்குக் காட்டும் வாலிபனைப் பின் வரிசையில் இருந்து ஒரு கடை முதலாளியும் பார்த்துக்கொண்டிருப்பார்.