பழைய கணனியை விற்கப் போகிறீர்களா?

எமது தோட்டங்களிலும் இப்போது கணனி உள்ள வீடுகளைக் காணக்கூடியதாக இருக்கிறது. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடமெல்லாம் போனிலும் கணனியிலும் நடந்த காலத்தில், கடன்பட்டாவது பிள்ளைக்கு ஒரு பழைய கணனி வாங்கிக் கொடுத்த பெற்றோர் உண்டு. அந்தப் பிள்ளை உயர்தரம் முடித்துக் கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகு கணனி மூலையில் கிடக்கிறது. சும்மா கிடக்கிறதை வித்துட்டா நாலு காசு வருமே என்று தோன்றுவது நியாயம்தான். தாராளமாக விற்கலாம். ஆனால் அதற்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே கொடுத்துவிடக் கூடாது என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறோம்.

அந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். அப்பாவின் அடையாள அட்டைப் பிரதி, அம்மாவின் ஈ.பி.எப். படிவம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், அஸ்வெசும விண்ணப்பத்துக்குக் கொடுத்த விபரங்கள், வயசுக்கு வந்த பிள்ளையின் சடங்குப் படங்கள். இவை முன்பின் தெரியாத ஒருவரின் கைக்குப் போனால், எமது பெயரில் கடன் எடுக்கவும், படத்தைக் காட்டி மிரட்டவும் வழி பிறக்கும்.

"எல்லாத்தையும் டிலீட் பண்ணியாச்சே" என்று பலர் சொல்வார்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒருவருடைய பெயரைச் செக்ரோலில் இருந்து வெட்டிவிட்டால், அவர் குடியிருக்கும் லயக்காம்பரா அந்த நிமிடமே காலியாகிவிடுமா? சட்டி பானை, கட்டில், துணிமணி எல்லாம் அங்கேயேதான் இருக்கும். டிலீட் செய்வதும் அது போலத்தான். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவை மட்டும் கணனி வெட்டுகிறது. கோப்பு அதே இடத்தில் கிடக்கும், வேறொன்று அதன் மேல் எழுதப்படும் வரை. அவசரமாகச் செய்யும் 'குவிக் ஃபோர்மட்' பழைய செக்ரோலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் கொப்பி திறப்பதற்குச் சமம். காம்பராக்களுக்குள் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை! இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை வைத்தே அவற்றில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துவிடலாம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் படித்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் ஆகிய இருவர் 2000க்கும் 2002க்கும் இடையில் பழைய டிஸ்க்குகள் 158ஐ விலைக்கு வாங்கிச் சோதித்தார்கள். அவற்றில் வேலை செய்தவை 129. சரியாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் இருந்து 5,000க்கும் மேற்பட்ட கடன் அட்டை இலக்கங்கள் கிடைத்தன. பணம் எடுக்கும் இயந்திரம் ஒன்றில் இருந்து வந்ததாகத் தெரிந்த டிஸ்க்கும் அதில் இருந்தது. மோர்கன் ஸ்டான்லி என்ற பெரிய நிதி நிறுவனம், பழைய கணனிகளை அகற்றும் பொறுப்பை அதில் அனுபவம் இல்லாத ஒரு பொருள் ஏற்றும் கம்பனியிடம் விட்டதால், வாடிக்கையாளர் விபரங்களோடு டிஸ்க்குகள் ஏலத்துக்குப் போயின. 2022இல் அதற்கு 3 கோடியே 50 இலட்சம் டொலர் அபராதம் விதிக்கப்பட்டது.

முதலில் சோதனை, பிறகு துடைப்பு

இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறோம்.

தேவையான படங்களையும் பத்திரங்களையும் முதலில் வேறிடத்தில் பிரதி எடுத்துக் கொள்ளுங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும். அதற்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் அதைத் திறந்து காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் கைவிட வேண்டியதுதான். டிஸ்க் எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கிறது என்பதும் தெரியும். ஒரு வருடத்துக்கு 8,760 மணித்தியாலம். "ஆறு மாசம்தான் பாவிச்சது" என்று சொல்லப்படும் டிஸ்க்கில் 30,000 என்று இருந்தால், அது இரவு பகலாக மூன்று வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். வாங்குகிறவர்களும் இதைப் பார்க்க வேண்டும்.

மணிக்கணக்குக்கு அடுத்ததாகப் பழுதான இடங்களின் கணக்கு. பட்டுப்போன தேயிலைச் செடிக்குப் பதில் புதுக்கன்று நடுகிற மாதிரி, டிஸ்க்கில் ஓர் இடம் கெட்டால் ஒதுக்கி வைத்த வேறோர் இடம் அதன் வேலையை எடுத்துக் கொள்ளும். அந்த எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் டிஸ்க்கின் ஆயுள் முடிகிறது.

ஆனாலும் இந்தக் கணக்கை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட அறிக்கையில், பழுதானவற்றில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான எச்சரிக்கை எதையும் காட்டவில்லை. 2025இன் தொடக்கத்தில் ஜேர்மனியில், பல்லாயிரம் மணித்தியாலம் ஓடிய டிஸ்க்குகள் மணிக்கணக்கைப் பூச்சியமாக்கிப் புதியவை என்று விற்கப்பட்டது வெளிவந்தது. ஆகவே ஒவ்வொரு இடத்திலும் எழுதிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. துடைக்கும் வேலையும் அதுதான்!

டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணனியில் மாட்ட முடிந்தால் நல்லது. 'ஃபோர்மட்' பகுதியில் 'குவிக்' என்ற சரி அடையாளத்தை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். டிஸ்க் இரண்டு மூன்று பாகமாகப் பிரிந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்ய வேண்டும். விண்டோஸ் விஸ்டா முதல் இந்த முழு ஃபோர்மட் இடமெல்லாம் பூச்சியம் எழுதுகிறது. 500 ஜி.பி. டிஸ்க்குக்கு இரண்டு மணித்தியாலம் அளவில் பிடிக்கும், பழைய யூ.எஸ்.பி. 2 கேபிளில் என்றால் ஐந்து வரை போகும். இடையில் கரண்ட் போனால் திரும்ப முதலில் இருந்து தொடங்கினால் போதும். கழற்ற வசதி இல்லாவிட்டால் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'ரிசெட் திஸ் பிசி' என்பதில் 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுத்து, 'கிளீன் டேட்டா' என்பதையும் தெரிவு செய்யுங்கள். 'டிபான்' என்ற மென்பொருளும் இருக்கிறது, ஆனால் அது பொருத்தியுள்ள எல்லா டிஸ்க்கையும் அழிக்கக் கூடியது. வேறு டிஸ்க் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டுத் தொடங்குவது புத்தி.

35 தடவை எழுத வேண்டும் என்று சில கடைகளில் சொல்லிக் காசு கேட்பதுண்டு. அது 1996இல், அக்காலத்து டிஸ்க்குகளுக்காகச் சொல்லப்பட்ட கணக்கு. இன்றைய டிஸ்க்குக்கு ஒரு தடவை முழுமையாக எழுதினால் போதும்.

எஸ்.எஸ்.டி. என்ற புதுவகை வேறு மாதிரி. உள்ளே சுழலும் தட்டுகள் இல்லை, எந்த இடத்தில் எழுதுவது என்பதை அதுவே மாற்றிக்கொள்ளும். மேலே எழுதினாலும் சில மூலைகள் தப்பிவிடும். தயாரித்த கம்பனியின் மென்பொருளில் உள்ள 'செக்கியூர் இரேஸ்' கட்டளையைப் பாவிக்க வேண்டும்.

இனி, சோதனை ஏன் முதலில் என்ற கேள்வி. கெட்டுப்போன இடத்தில் புதிதாக எழுத முடியாது. ஆனால் பழையது அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆகவே சோதனையில் தோற்ற டிஸ்க்கைத் துடைத்துவிட்டோம் என்று நம்பி விற்பது இரண்டு பிழை: வாங்குகிறவருக்குப் பழுதுச் சாமான், எமது விபரமும் அவர் கையில். அப்படியானதை விற்காமல் உடைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் தட்டுகளைத் துளைக்க வேண்டும், மேல் மூடியை நெளித்தால் போதாது. மடிக்கணனி டிஸ்க்கில் தட்டுகள் கண்ணாடியாக இருக்கலாம். சாக்கில் சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்பு வைத்துக்கொண்டு பெரியவர்கள் மட்டும் செய்யுங்கள். தோட்டத்து மூலையில் போட்டு எரிக்க வேண்டாம், புகை நஞ்சு.

மரண உதவிச் சங்கம், மாதர் சங்கம், இளைஞர் கழகம் ஆகியவற்றின் கணனியை மாற்றும்போது பொறுப்பாளர்கள் இரட்டிப்புக் கவனம் எடுக்க வேண்டும். அதில் இருப்பது ஒரு வீட்டு விபரம் இல்லை, நூறு வீட்டு விபரம். கூட்டக் குறிப்பில் "டிஸ்க் சோதித்துத் துடைக்கப்பட்டது" என்று திகதியோடு எழுதி இருவர் கையொப்பம் வைத்தால் பிற்பாடு பேச்சு வராது.

வீட்டில் விற்பவர்களும் ஒரு சின்னத் துண்டில் மணிக்கணக்கு, சோதித்த திகதி, பழுதான இடம் உண்டா இல்லையா என்று எழுதி டிஸ்க்கில் ஒட்டிக் கொடுங்கள். கேட்கிற விலைக்கு அதுவே பேசும்.