உஷார்! காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து

"காய்ச்சல் விட்டுருச்சு, இனிப் பயமில்ல" என்று வேலைக்குக் கிளம்புகிறவர்களே, கொஞ்சம் நில்லுங்கள். டிங்கி பலரைச் சாய்ப்பது உடம்பு கொதிக்கும் நாட்களில் அல்ல, சூடு இறங்கிய அடுத்த ஒன்றிரண்டு நாளில். 2019-இல் மட்டும் மலேசியாவில் 130,000 பேருக்கு மேல் டிங்கி கண்டது; 182 பேர் இறந்தார்கள். நம் சிலாங்கூர்தான் ஆண்டுக்கு ஆண்டு அந்தப் பட்டியலில் முதலில் நிற்கிறது. பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியும் நாம் பத்தாங் பெர்ஜுந்தாய் என்றே சொல்லும் இந்த ஊரும் அதற்குள்தான் இருக்கிறது.

வைரஸ் புகுந்த செல்கள் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்கும். காய்ச்சலும் மூட்டுவலியும் அந்தச் சண்டையின் அடையாளங்கள். டிங்கி வைரஸ் லேசுப்பட்டதல்ல. அந்த எச்சரிக்கையே வேலை செய்யாதபடி தடுக்கப் பார்க்கும். ஆனாலும் ஐந்தாறு நாளில் ஆன்டிபாடிகள் பெருகி வைரஸ் அடங்குகிறது, சூடும் இறங்குகிறது. வினை அப்போதுதான் தொடங்குகிறது. சண்டைக்காக உடம்பு கொட்டிய ரசாயனங்கள் இரத்த நாளங்களின் சுவரைத் தளர்த்திவிட, இரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் கசியும். இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். நாளத்தில் மிஞ்சிய இரத்தம் கெட்டியாகும், அழுத்தம் விழும், கைகால் சில்லிடும். பார்க்கிறவர்களுக்கோ ஆள் தேறிவிட்ட மாதிரிதான் தெரியும்!

"எனக்கு முன்னமே வந்து போச்சு, எதிர்ப்புச் சக்தி இருக்கு" என்பவர்கள் இன்னும் உஷார். டிங்கியில் நான்கு வகை. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு மட்டுமே ஆயுள் காப்பு. அடுத்து வேறு வகை வந்தால் பழைய ஆன்டிபாடி அதைப் பிடிக்கும், ஆனால் கொல்லாது. பழகிய முகம் என்று நினைத்துத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிடும் ஜாகா போல, வைரஸை வெள்ளணுவுக்குள்ளேயே கொண்டுபோய் விட்டுவிடும். அங்கே அது பன்மடங்கு பெருகும். கியூபாவில் 1977-இல் முதல் வகை பரவியது. 1981-இல் இரண்டாம் வகை வந்தபோது 344,000 பேருக்கு மேல் நோய் கண்டு 158 பேர் இறந்தார்கள். இரண்டாம் தடவை வந்த எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் யாருக்கு ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

கிளினிக்கில் போடும் என்எஸ்1 கிட் சோதனையில் 'இல்லை' என்று வந்தாலும் நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள். இரண்டாம் தடவை டிங்கி வந்தவர்களிடம் அது பிடிபடாமல் போவதுண்டு. வலி தாங்கவில்லை என்று பொன்ஸ்டான், புரூஃபன், ஆஸ்பிரின் எதையும் தொடாதீர்கள், இரத்தக்கசிவு கூடும். பனடோல் போதும், அதுவும் அளவோடு. பப்பாளி இலைச்சாறு குடித்துத் தட்டணு ஏறட்டும் என்று வீட்டில் காத்திருப்பது, என் பார்வையில், உயிரோடு விளையாடுவது. உயிரை வாங்குவது பெரும்பாலும் அந்த நீர்க்கசிவு. தட்டணு எண்ணை மட்டும் பார்த்து அதைப் பிடிக்க முடியாது.

தோட்டத்து ஆட்களுக்குக் கொசுவைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பால் மங்கு, தண்ணீர்த் தடைக்குப் பயந்து நிரப்பி வைத்த டிரம், லயத்துக்குப் பின்னால் கிடக்கும் பழைய டயர் எல்லாமே ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில்தான். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது.

காய்ச்சல் தொடங்கிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். டாக்டருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான். கஞ்சி, பார்லி, இளநீர் என்று ஏதாவது குடித்துக்கொண்டே இருக்கட்டும். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, ஆள் துவண்டு உளறுகிறார் என்றால் விடியட்டும் என்று பார்க்காதீர்கள். நடு இரவானாலும் தஞ்சோங் காராங்கோ சுங்கை பூலோவோ, எது பக்கமோ அந்த ஆஸ்பத்திரிக்கு உடனே வண்டியை எடுங்கள்.