தும்மினால் சம்பளம் கட்!

2022 பிப்ரவரி 21. லண்டன் நாடாளுமன்றம். பிரதமர் போரிஸ் ஜான்சன் எழுந்தார். இங்கிலாந்தில் கொரோனா வந்தால் வீட்டிலேயே அடைந்து கிடக்கணும் என்ற சட்டம் மூன்றே நாளில் ரத்து. அப்படி அடைந்து கிடந்த ஏழைத் தொழிலாளிக்குக் கொடுத்த 500 பவுண்டும் கட். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பெரும்பாலோருக்கு இலவச டெஸ்ட்டும் கிடையாது என்றார். டெஸ்ட் வகையறாவுக்கு ஜனவரியில் மட்டும் 200 கோடி பவுண்டாம். பில்லைப் பார்த்தால் யாருக்கும் ஜுரம் வரும்தான்!

எதிர்க்கட்சித் தலைவர் ஸ்டார்மர் ஃபுட்பாலுக்குத் தாவினார். 2-1 என்று ஜெயிக்கிறோம், இன்னும் பத்து நிமிஷம் பாக்கி... நல்ல டிஃபெண்டரை யாராவது வெளியே கூப்பிடுவார்களா?

ஜான்சன் விடவில்லை. உடம்பு சரியில்லாமலே வேலைக்கு வருவது நம்ம ஆட்கள் பழக்கம், ஜெர்மன்காரர்களுக்குத்தான் கட்டுப்பாடு அதிகம் என்றார்.

கட்டுப்பாடாவது ஒண்ணாவது! ஜெர்மனியில் ஜுரத்தில் படுத்தால் ஆறு வாரம் முழுச் சம்பளம், சார். பிரிட்டனில் அப்போது சட்டப்படி வாரத்துக்கு 96 பவுண்ட் 35 பென்ஸ். கொரோனாவுக்காக அதை முதல் நாளிலிருந்தே கொடுத்து வந்தார்கள். மார்ச் 24-ல் அதுவும் போச்சு. பழையபடி முதல் மூன்று நாளுக்குப் பூஜ்யம். மூக்கைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறாமல் அந்த ஆள் என்னதான் செய்வான்?

முதல் நாளிலிருந்தே பணம் என்று நிரந்தரச் சட்டம் நிறைவேற 2025 டிசம்பர் ஆகிவிட்டது.