விரிப்பின் மறுபுறம்

நம் வீடுகளில் விரிப்புக்குப் பஞ்சம் இருந்ததில்லை. படுக்கப் பத்தமடைப் பாய், விருந்தினர் வந்தால் பவானி ஜமக்காளம், வாசற்படியில் தென்னை நார் மிதியடி. வேலை முடிந்ததும் உதறிச் சுருட்டிப் பரணில் ஏற்றிவிடுவோம். கிழிந்து போனால் மண்ணோடு மண்ணாகிவிடும். அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை.

இப்போது சென்னையிலும் கோயம்புத்தூரிலும் எழும்பியிருக்கும் கம்ப்யூட்டர் காரியாலயங்களுக்குள் நுழைந்து பாருங்கள். தரை முழுவதும் மெத்தென்ற கம்பளம். ஆனால் அது ஒரே துணி அல்ல. பக்கத்துக்கு 50 சென்டிமீட்டர் உள்ள சதுரங்களைத் தரையோடு போலப் பதித்திருப்பார்கள். 'கார்ப்பெட் டைல்' என்று பெயர். ஒருவர் காப்பியைக் கொட்டினால் அந்தச் சதுரத்தை மட்டும் பெயர்த்து வேறொன்று வைத்துவிடலாம். கெட்டிக்கார யோசனை என்பதில் சந்தேகமில்லை.

அந்தச் சதுரத்தைத் திருப்பிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். மேலே தெரிவது நைலான் நூல். கீழே கனத்த ரப்பர் போன்ற ஒரு தட்டு. அது பெரும்பாலும் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் அல்லது தார். கனத்துக்காகவும் செலவைக் குறைக்கவும் அதில் சுண்ணாம்புக்கல் பொடியை ஏராளமாகக் கலக்கிறார்கள். சதுரத்தின் எடையில் பெரும்பங்கு, யார் கண்ணிலும் படாத இந்த அடிப்புறத்தில்தான் இருக்கிறது. நைலானும் பெட்ரோலியத்தின் குழந்தை, தாரும் அப்படியே. தேய்ந்தபின் பாய் போல மக்குமா என்றால் மக்காது.

அமெரிக்காவில் இந்தச் சதுரங்களைச் செய்தே செல்வந்தரானவர் ரே ஆண்டர்சன். 1994-ஆம் வருஷம் பால் ஹாக்கன் எழுதிய ஒரு புத்தகத்தைப் படித்தார். தம் தொழில் பூமியைக் கொள்ளையடிக்கும் தொழில் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். 2011-இல் காலமாகும் வரையில் அந்தத் தொழிலைத் திருத்துவதிலேயே முனைந்திருந்தார். அவருடைய இன்டர்ஃபேஸ் கம்பெனி 2012-இல் பிலிப்பைன்ஸ் தீவுகளின் செம்படவர் கிராமங்களில் பழைய மீன் வலைகளை விலைக்கு வாங்கத் தொடங்கியது. வலையும் நைலான், கம்பளமும் நைலான். கடலடியில் கிடந்து மீனைக் கொல்லும் வலை உருகி நூலானது.

மேற்புறத்துக்கு அப்படி ஒரு வழி பிறந்தது. அடிப்புறத்துக்கு? அதைத் தேடிக்கொண்டு புறப்பட்டால் நம்முடைய நெய்வேலிக்கே வந்து சேருகிறோம்.

நெய்வேலியில் கம்பளச் சதுரம் செய்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. அங்கே 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளைத்தபோது கரிய பொருள் வெளிவந்ததும், 1957-இல் பண்டித நேரு சுரங்கத்தைத் தொடங்கிவைத்ததும் நேயர்கள் அறிந்த கதை. பழுப்பு நிலக்கரியை எரித்தால் மின்சாரம் வருகிறது. கூடவே சாம்பலும் வருகிறது. புகைப்போக்கியை அடையுமுன் மின்விசையால் இழுத்துப் பிடிக்கப்படும் அந்த மாவு போன்ற சாம்பல் சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போகிறது. தேசத்தின் அனல் நிலையங்கள் தங்கள் சாம்பல் முழுவதையும் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்று 2021 டிசம்பரில் மத்திய சர்க்கார் உத்தரவே போட்டிருக்கிறது.

அமெரிக்கக் கம்பளத் தொழிற்சாலைகள் சிலவற்றில், சுண்ணாம்புக்கல் பொடிக்குப் பதிலாக நிலக்கரிச் சாம்பலை அடிப்புறத்தில் கலந்தார்கள். மலையை வெட்டவேண்டாம், கழிவும் குறையும். ஆனால் அங்கேயே ஆட்சேபமும் எழுந்தது. சாம்பலில் பாதரசம் முதலிய உலோகங்கள் சிறு அளவில் இருக்கக்கூடும். கம்பளத்தை மறுபடி அரைக்கும்போது அந்தத் தூசியைச் சுவாசிப்பவன் தொழிலாளி அல்லவா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. சாம்பல் செங்கல்லுக்குள் அடங்கிக் கிடப்பது வேறு, குழந்தை தவழும் விரிப்பில் இருப்பது வேறு. நன்றாகப் பரீட்சித்த பிறகே சாம்பலை விரிப்புக்குள் விடவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சாம்பலைவிட எனக்கு அதிக நம்பிக்கை தருவது நெய்வேலிக்குப் பக்கத்துப் பண்ருட்டியின் முந்திரி. பலாவுக்குப் பெயர் பெற்ற ஊர் முந்திரிக்கும் பெயர் பெற்றது. முந்திரிக் கொட்டையின் ஓட்டுக்குள் சின்னச் சின்ன அறைகளில் ஒரு காரமான எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். கொட்டை உடைக்கும் ஸ்திரீகள் விரல்களில் சாம்பலையோ எண்ணெயையோ பூசிக்கொள்வது அதற்காகத்தான். அப்படியும் அவர்கள் கைகள் கறுத்துத் தோலுரிந்திருப்பதைப் பார்க்கலாம். இந்த எண்ணெய் மோட்டார் வண்டிகளின் பிரேக் கட்டைகளுக்கும் வர்ணங்களுக்கும் நெடுநாளாகப் போகிறது. பி.வி.சி. இயற்கையில் விறைப்பானது, அதை வளையச் செய்யச் சேர்க்கும் பெட்ரோலியச் சரக்குகள் சிலவற்றை, உடம்புக்குக் கெடுதல் என்று ஐரோப்பாவில் கட்டுப்படுத்திவிட்டார்கள். அந்த வேலையை முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து எடுத்த பொருள்களால் செய்யமுடியும் என்று ஆராய்ச்சிசாலைகளில் காட்டியிருக்கிறார்கள்.

பி.வி.சி.யே வேண்டாம் என்றால் தென்னை நார் இருக்கிறது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருள் அதில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல். ஆகையால் உப்புத் தண்ணீரிலும் சீக்கிரம் அழுகாது. (லிக்னின், லிக்னைட் இரண்டும் மரத்தைக் குறிக்கும் ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. ஒன்று இன்றைய மரம், மற்றது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய மரம்.) நாரின்மேல் கன்னியாகுமரி ஜில்லாவில் கிடைக்கும் ரப்பர் பாலைத் தெளித்து அழுத்தினால் வளையும் தட்டு கிடைக்கும், மெத்தைக்காரர்கள் பல காலமாகச் செய்வதுதான். பி.வி.சி.யைவிட விலை கூடும். ஈரமும் நெருப்பும் தாங்குமா என்று பார்க்கவேண்டும். ஆனால் பொள்ளாச்சி நாரைக் கட்டுக் கட்டாகச் சீனாவுக்குக் கப்பலேற்றிவிட்டு, பெட்ரோலிய விரிப்பைப் பணம் கொடுத்து வாங்குவதற்கு எந்தக் கணக்கில் நியாயம் சொல்வது?

நெய்வேலிக்கு இதில் அவசரமும் உண்டு. 2023 ஜூலையில், சுரங்கத்துக்கான கால்வாய் வெட்டுவதற்காக, வளையமாதேவியில் கதிர் விட்ட நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கின. இன்றும் அங்கே நிலத்தைப் பற்றிப் பேசினால் பேச்சு முடிவதில்லை. கரி என்றைக்கோ தீரும். அதன்பிறகு நிலம் கொடுத்த கிராமத்துப் பிள்ளைகளுக்கு என்ன வேலை? ரப்பர், நார், முந்திரி எண்ணெய் இவற்றைச் சேர்த்து விரிப்புச் செய்யும் ஓர் ஆலைக்குச் சுரங்கம் வேண்டாம். மின்சாரமும் ரயிலும் தொழில் தெரிந்த ஆட்களும் அங்கே ஏற்கனவே இருக்கிறார்கள்.

போகட்டும், பெரிய ஆலை வரும்போது வரட்டும். உங்கள் வாசற்படியில் கிடக்கும் நார் மிதியடியைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். கடைகளில் விற்பவற்றில் பலவற்றின் அடியில் வழவழப்பான பி.வி.சி. தட்டுத்தான் ஒட்டியிருக்கிறது. ரப்பர் அடிப்புறம் உள்ளதும் கிடைக்கும். கடைக்காரரிடம் கேட்டால் உள்ளேயிருந்து எடுத்துவந்து கொடுப்பார்.